தும்மினால் நனையுது, ஏழு மாசம் ஆச்சு. இது இப்படியேதான் இருக்குமா?

தூங்காநகரத்தாள் | ஜூன் 3, இரவு 11.50

பாப்பா தூங்கிட்டா. அந்த தைரியத்துலதான் எழுதுறேன். இங்க ஆம்பளைங்களும் படிப்பீங்கன்னு தெரியும், பரவாயில்ல.

முதல் பிரசவம். நார்மல்தான், ஆனா கடைசி நேரத்துல வாக்குவம், அதான் தலையில கப்பு மாதிரி வச்சு உறிஞ்சுற கருவி, வச்சு இழுத்தாங்க. தையல் போட்டாங்க. எத்தனை தையல்னு கேட்டேன், "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா"ன்னுட்டாங்க. மூணு மாசம் மதுரையில அம்மா வீடு. லேகியம், பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல், ஒண்ணும் குறையில்ல. 26 வாரம் லீவு முடிஞ்சு போன மாசம்தான் சென்னைக்குத் திரும்பி பேங்க் கவுண்டர்ல உக்காந்தேன்.

போன ஞாயிறு நாத்தனாருக்கு வளைகாப்பு. பாட்டு ஒருத்தி தப்பாப் பாடிட்டா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்கு ஒண்ணுக்கு கசிஞ்சு பாவாடை நனைஞ்சு பட்டுப்புடவை வரைக்கும் வந்துடுச்சு. மடியில பாப்பா இருந்தா. "ஐயோ, போயிட்டா"ன்னு அவ மேல பழியப் போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். அவ டயப்பர் காய்ஞ்சு கிடந்துச்சு.

தும்மல், இருமல், ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடுறது, எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வருது. சாயங்காலம் ஆனா அடியில ஏதோ கனமா இறங்குற மாதிரி இருக்கு. அம்மாகிட்ட சொன்னா "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கும்டீ"ன்றாங்க. ஆறாவது வாரம் டாக்டர்கிட்ட போனப்ப தையல் ஆறிடுச்சுன்னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க. அவங்களும் கேக்கல, நானும் சொல்லல.

இப்ப ஆபீஸ்ல தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டேன். இது தானா சரியாகுமா? யாருக்காவது ஆகியிருக்கா?

—

இரட்டைப்புள்ளை | ஜூன் 4, காலை 6.10

ஆகியிருக்கான்னா? எனக்கு சிசேரியன், ரெட்டைக் குழந்தை. எனக்கும் இருந்துச்சு. "அறுத்துத்தானே எடுத்தாங்க, உனக்கு எப்படி"ன்னு என் வீட்லயே கேட்டாங்க.

தமிழ்நாட்ல பாதிப் பேருக்கு இந்த நினைப்புதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21-ல எடுத்தப்ப நம்ம ஊர்ல 100 பிரசவத்துல 44.9 சிசேரியன், தனியார்ல மட்டும் எடுத்தா 63.8. இத்தனை பேரும் அடிப்பக்கம் பத்தி நமக்குக் கவலையில்லன்னு நினைச்சுட்டு இருந்தா எப்படி? சுகப்பிரசவத்தைவிட சிசேரியன்ல கசிவு குறைவுங்கறது உண்மை. ஆனா ஒம்பது மாசம் சுமந்தது சுமந்ததுதானே.

—

காரசேவ் | ஜூன் 4, காலை 7.02

எங்க பாட்டி எட்டு பெத்தா. எட்டாவது பெத்த அன்னிக்குக்கூட களை எடுக்கப் போனா. இப்பதான் இதெல்லாம் நோயாப் போச்சு.

—

இரட்டைப்புள்ளை | ஜூன் 4, காலை 7.09

உங்க பாட்டி கசிஞ்சுதா இல்லையான்னு உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பாங்கன்னு நம்புறீங்களா?

—

வாய்க்கால்கரை | ஜூன் 4, காலை 8.30

வயித்தக் கட்டுனியா கண்ணு? நாங்கெல்லாம் கோபிப் பக்கம். பெத்த மூணாம் நாளே வேட்டியக் கிழிச்சு இறுக்கக் கட்டிப்போடுவாங்க எங்கம்மா. மூச்சு முட்டும். 40 நாள் அவுக்க உடமாட்டாங்க. அதக் கட்டாம உட்டா வயித்துக்குள்ள காத்துப் போயிரும், எல்லாம் எறங்கிப்போவும். இப்பத்தப் புள்ளைக கட்டறதில்ல. நான் எழுதத் தெரியாம எழுதலைங்க, போன்ல பேசுனா அதே எழுதிக்குது.

—

பிசியோ_அக்கா | ஜூன் 4, மதியம் 1.45

மதிய சாப்பாட்டு இடைவேளையில எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும். கோயம்புத்தூர்ல பிசியோதெரபிஸ்ட். பிரசவம் ஆனவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றது.

தூங்காநகரத்தாள், இது உங்களுக்கு மட்டும் வந்ததில்ல. பிரசவம் ஆன மூணு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு அளவுல சிறுநீர்க் கசிவு இருக்கு. "எல்லாருக்கும் இருக்கும்"னு அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரிதான். அதனால அப்படியே விட்டுடலாம்னு அர்த்தமில்ல. காய்ச்சலும்தான் எல்லாருக்கும் வருது.

உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். குழந்தைக்கு சேலையில தூளி கட்டுறோம்ல, அதே மாதிரி ஒரு தசைத் தூளி முன்பக்க இடுப்பெலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் கட்டியிருக்கு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அது மேலதான் உக்காந்திருக்கு. மூணோட வாசலும் அந்தத் தூளி வழியாத்தான் வெளிய வருது. கர்ப்பத்துல அது மேல பாரம் கூடிட்டே போகும். பிரசவத்துல குழந்தை தலை வரும்போது சாதாரணமா தாங்கவே முடியாத அளவுக்கு விரியும். ஆயுதம் போட்டு எடுத்தா, அதுலயும் முக்கியமா ஃபோர்செப்ஸ்ங்கற இடுக்கி போட்டா, எலும்போட ஒட்டியிருக்கிற இடத்துலயே பிய்ஞ்சு போற வாய்ப்பு கூடுது. அப்புறம் நீங்க தும்முறீங்க. வயித்துக்குள்ள அழுத்தம் ஒரு நொடியில கீழ இறங்குது. தூளி சட்டுனு மேல தூக்கிப் பிடிச்சு வாசலை மூடணும். இப்ப அது அரை நொடி தாமதமா வருது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: படுத்துக்கிட்டு, நாலு பேர் நடுவுல காத்து வரப்போகுதுன்னா எப்படி அடக்குவீங்களோ அப்படிப் பின்வாசலை மூடுங்க. அதே இறுக்கத்தை முன்பக்கமா, மேல கொண்டு வாங்க. தொடை இறுகக் கூடாது, பின்பக்கம் இறுகக் கூடாது, மூச்சை அடைக்கக் கூடாது. வாயால ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க, அப்ப மூச்சு தானா ஓடும். முதல்ல மூணு விநாடி பிடிச்சாலே போதும். வாரம் போகப் போக பத்து வரைக்கும் வரலாம். பிடிச்ச அளவு நேரம் முழுசா தளர்த்தணும். ஒரு தடவைக்கு எட்டுக்குக் குறையாம, ஒரு நாளைக்கு மூணு தடவை. மூணு மாசம் விடாம செய்யணும். மூணாவது வாரத்துல "ஒண்ணும் தெரியல"ன்னு விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி.

இன்னொண்ணு, தும்மல் வரப்போகுதுன்னு மூக்கு சொல்லும்ல, அந்த நொடியில முன்னாடியே இறுக்கிடுங்க. குழந்தையைத் தூக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தான். தசை பலமாகுறதுக்கு முன்னாடியே இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

ஒண்ணுக்குப் போகும்போது பாதியில நிறுத்திப் பழகுங்கன்னு சொல்றாங்க. எந்தத் தசைன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை பார்க்கலாம். தினமும் அதையே பயிற்சியா செஞ்சா பை முழுசா காலியாகாது.

தண்ணியைக் குறைக்காதீங்க. சிறுநீர் கெட்டியானா பைக்கு எரிச்சல், அவசரம் இன்னும் கூடும், மலச்சிக்கல் வரும், முக்குவீங்க, அந்த முக்கலும் தூளி மேலதான் விழும். காபி எத்தனை டம்ளர்னு மட்டும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

கனமா இறங்குற மாதிரி இருக்குன்னு சொன்னதை மட்டும் நான் இங்க உக்காந்து முடிவு பண்ண முடியாது. ஒரு மகப்பேறு டாக்டர் நேர்ல பரிசோதிக்கணும். இறக்கம், அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழ இறங்கியிருக்கா, எந்த நிலைன்னு அப்பதான் தெரியும்.

வாய்க்கால்கரை அம்மா, வயித்துக்குள்ள காத்துப் போறதில்லைங்க. மெத்துனு தாங்குற மாதிரி துணி கட்டினா இடுப்புக்கு சுகமாத்தான் இருக்கும், சிசேரியன்காரங்களுக்கு எந்திரிச்சு நடக்கவும் உதவும். ஆனா மூச்சு முட்ட இறுக்கினா? கோணிப்பையை நடுவுல இறுக்கினா உள்ள இருக்கிறது மேலயும் கீழயும்தானே பிதுங்கும்.

—

வாய்க்கால்கரை | ஜூன் 4, மதியம் 3.15

கோணிப்பைன்னு சொல்லிப்போட்டியே சாமி. அப்ப எங்கம்மா கட்டுனதுதான் என்னிய இப்புடி ஆக்கிப்போடுச்சா? எனக்குங்கூட ரெண்டாவது பையன் பொறந்து கொஞ்ச நாள்ல அடி எறங்கிருச்சு. கத்திரிக்காயாட்டம் வெளிய வரும். குளிக்கையில கையில உள்ள தள்ளி உட்டுட்டு சோலியப் பாக்கப் போயிருவேன். 28 வருசமாச்சு. அதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி போவாங்க?

—

தூங்காநகரத்தாள் | ஜூன் 4, மதியம் 3.40

அம்மா, 28 வருஷமாவா? வீட்ல யாருக்காவது தெரியுமா?

—

வாய்க்கால்கரை | ஜூன் 4, மாலை 5.00

அவருக்குத் தெரியும். அவரு போயி ஆறு வருசமாச்சு. மருமவளுக்கு எதுக்குங்க சொல்லோணும்.

—

ஊசிக்காரம்மா | ஜூன் 4, இரவு 9.20

நான் தென்காசிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெத்தவ. ஊர்ல என் பேரைச் சொன்னா தெரியாது, ஊசிக்காரம்மான்னாதான் தெரியும்.

யம்மா வாய்க்கால்கரை, கொஞ்சம் கேளுங்க. இது உங்க அம்மா கட்டுன துணியால மட்டும் வந்ததில்ல. பெத்த உடனே குடம் தூக்கினது, நெல்லு மூட்டை தூக்கினது, வருஷக்கணக்கா இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்ன பிறகு உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் குறைஞ்சது, எல்லாம் சேர்ந்துதான். நான் பாத்த வயசானவங்கள்ல இப்படிக் கையால தள்ளிவிட்டு நடந்தவங்க ஒருத்தி ரெண்டு பேரில்ல. துணியக் கட்டிக்கிட்டு அது மேல உக்காந்து பீடி சுத்துவாவ. சொல்லமாட்டாவ. நான் வேற எதுக்கோ போயி உக்காந்தாதான் எந்திரிச்சு வரும்போது வாசப்படில வச்சு மெதுவாச் சொல்லுவாவ.

என் தப்பும் இருக்கு. பிரசவம் ஆன வீட்டுக்கு எத்தனை நடை போயிருப்பேன்! 3, 7, 14, 21, 28, 42ன்னு ஆஷாவுக்கு, அதான் வீடு வீடாப் போற சுகாதாரத் தன்னார்வலருக்கு, நாள் கணக்கே உண்டு. பிள்ளை எடை, தொப்புள், பால் குடிக்கா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு எப்படி, எல்லாம் கேட்டேன். "தும்மினா நனையுதா"ன்னு ஒரு நாள் ஒருத்திகிட்ட கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாளுவ.

இதைப் படிக்கிற பச்சை உடம்புக்காரிகளுக்கு ஒண்ணு. ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனையுற ரத்தம், காய்ச்சல், நாத்தம் பிடிச்ச வெள்ளை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கது, மூத்திரமே போக முடியாம அடைக்கது, மலம் அறியாம போறது. இதுல எது இருந்தாலும் இங்க வந்து எழுதிக்கிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க. மலம் கசியுதத யாரும் வாய் திறந்து சொல்லமாட்டாவ. தையல் போட்ட கிழிசல் பின்வாசல் தசை வரைக்கும் போயிருந்தா அப்படி ஆகும். அதுக்கும் வைத்தியம் உண்டு.

—

மூணாம்_மாடி_சேலை | ஜூன் 4, இரவு 10.45

நான் ஜவுளிக்கடையில சேலைப் பிரிவு. தண்ணியைக் குறைக்காதீங்கன்னு சொல்லிட்டீங்க. எங்களுக்கு பாத்ரூம் அஞ்சாவது மாடியில, ஒரு நாளைக்கு இத்தனை தடவைன்னு சூப்பர்வைசர் கணக்கு வச்சிருப்பார். 2021-ல தமிழ்நாட்ல சட்டம் வந்துச்சு, கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்னு. எங்க கடையிலயும் நாற்காலி வந்துச்சு. அதுல கஸ்டமர் உக்காந்திருக்காங்க.

எனக்கு ரெண்டு பிள்ளை, கசிவு ரெண்டாவதுக்கு அப்புறம். நின்னுக்கிட்டே இருந்தா சாயங்காலம் அந்த கனம் எனக்கும் இருக்கு. அக்கா சொன்ன பயிற்சி சேலை மடிச்சுக்கிட்டே செய்யலாமா?

—

பிசியோ_அக்கா | ஜூன் 4, இரவு 11.05

தாராளமா. முதல் ரெண்டு வாரம் படுத்துக்கிட்டு, பிடி கிடைச்சதும் உக்காந்துக்கிட்டு, அப்புறம் நின்னுக்கிட்டு. ஒரு சேலை மடிக்க எத்தனை விநாடி ஆகும்னு உங்களுக்குத் தெரியும், அதையே கணக்கா வச்சுக்கோங்க. மதியம் பத்து நிமிஷம் கிடைச்சா ஸ்டாக் ரூம்ல காலை சுவத்துல தூக்கி வச்சுப் படுங்க, கனம் குறையும்.

—

லாஷப்பல்_மாலை | ஜூன் 5, அதிகாலை 2.30

நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸிலை. உங்கடை கதையளை வாசிச்சிட்டு நித்திரை வரேல்லை.

எனக்கு மூத்தவன் பிறந்து ஆறேழு கிழமையிலை செக்கப்புக்குப் போனன். நான் ஒண்டும் கேக்கேல்லை, அவையாவே ஒரு துண்டு எழுதித் தந்தினம். அடித்தசைப் பயிற்சி, பத்துத் தரம், சாஜ்ஃபாமிட்டை. இஞ்ச மருத்துவிச்சியை அப்பிடித்தான் சொல்லுறது. காசு அரசாங்கக் காப்புறுதி கட்டும். எனக்கு நோய், வருத்தம் ஒண்டும் இல்லையே எண்டு சொன்னன். வருத்தம் இருக்கோ இல்லையோ பிள்ளை பெத்த ஆக்களுக்கு உது குடுக்கிறதுதான் எண்டவை.

முதல் நாள் வெக்கத்திலை செத்துப்போனன். கையுறை போட்டு உள்ளுக்கை விரல் வைச்சு, "இப்ப பிடியுங்கோ, இப்ப விடுங்கோ" எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்தாள் அந்த மருத்துவிச்சி. பிடிக்கிறன் எண்டு நினைச்சு நான் செய்ததெல்லாம் பின்பக்கத்தை இறுக்கினதுதானாம். மூண்டாம் நாள் ஒரு மெசின். நான் பிடிச்சா திரையிலை ஒரு கோடு மேலை ஏறும். எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரிப் போச்சு, அவளைவிட நான்தான் கோட்டைப் பாத்துக்கொண்டிருந்தன்.

அது முடியுமட்டும் வயித்துக்கு எக்சசைஸ் செய்யக் கூடாது எண்டவள். முதல் அடி, பிறகுதான் வயிறு. ஊரிலை அம்மா பிள்ளை பெத்த ஆக்களுக்கான மருந்துச் சரக்குத்தூள் இடிச்சு அனுப்பினவ, அதையும் விடாமல் குடிச்சனான். ரண்டும் ஒண்டோடை ஒண்டு சண்டை பிடிக்கேல்லை.

சலம் போறது மட்டுமில்லை. பிள்ளை பிறந்து நாலாம் மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்டேக்கை நான் வழுக்கை எண்டே முடிவெடுத்திட்டன். ஒரு வருசத்திலை மயிர் திரும்ப வந்திட்டுது.

—

கட்டிப்_பிடிச்சவ | ஜூன் 5, காலை 10.10

பயிற்சி பத்தி நான் ஒரு எதிர்க்கட்சி. யூடியூப் பாத்து ஒரு நாளைக்கு இருநூறு தடவை இறுக்கினேன். ரெண்டே மாசத்துல வலி. தாம்பத்தியம்னாலே பயம், ஒண்ணுக்கு விட்டு விட்டு வருது. கடைசியில ஒரு பிசியோ பாத்துட்டு, "உங்களுக்குத் தளர்ச்சி இல்ல, எப்பவும் இறுகியே கிடக்கு, இதுக்கு மேல இறுக்காதீங்க"ன்னாங்க. தையல் இருந்த இடத்துல தழும்பு இழுத்துக்கிட்டு இருந்துச்சாம். வயித்துல மூச்சை இறக்கி விடுறது, குழந்தை மாதிரி குந்தி உக்காந்து தளர்த்துறது, ஆறின தழும்பை எண்ணெய் விட்டு நீவுறது, இதுதான் எனக்கு வேலை செஞ்சது. எல்லாரையும் ஒரே மருந்து குடிக்கச் சொல்லாதீங்க.

—

பிசியோ_அக்கா | ஜூன் 5, மதியம் 1.30

நியாயம், முழுசா ஒத்துக்குறேன். நேத்தே எழுதியிருக்கணும். இறுக்கும்போது வலிச்சா, மாதவிடாய்க்கு உள்ள வைக்கிற டாம்பான் வைக்கவே முடியலன்னா, சிறுநீர் தொடங்கவே நேரம் எடுத்தா, பயிற்சியை நிறுத்திட்டு ஆள் பாக்கணும். 1948-ல ஆர்னால்ட் கெகல்னு ஒரு அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் இந்தப் பயிற்சியைப் பத்தி எழுதினப்பவே, பெண் சரியாத்தான் பிடிக்கிறாளான்னு பாக்க உள்ள வைக்கிற ஒரு அளவுக் கருவியோடதான் கொடுத்தார். நம்ம ஊருக்கு வர்றப்ப கருவி கழண்டு விழுந்துடுச்சு, பேர் மட்டும் வந்து சேர்ந்துச்சு.

எல்லாரும் கண்டிப்பா செஞ்சே ஆகணும்னும் இல்ல. கசிவே இல்லாதவங்களுக்கு, பின்னாடி வராம தடுக்கறதுக்குன்னு பிரசவத்துக்கப்புறம் வழக்கமா இதைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தோட 2022 வழிகாட்டி பரிந்துரைக்கல. கசிவு இருக்கிறவங்களுக்கு வைத்தியமா செய்றது தனிக் கணக்கு, அதுல பலன் உண்டு. அந்த விஷயத்துல லாஷப்பல்_மாலை இருக்கிற ஊர் வேற வழி. நான் இருக்கிற ஊர்ல கேட்டு வர்றவங்களுக்கே நேரம் பத்தல.

—

அப்பாவானவன் | ஜூன் 5, இரவு 10.00

ஒரு ஆண் கேக்கலாமா? குழந்தைக்கு நாலு மாசம். மனைவி கிட்ட வந்தாலே விலகுறாங்க. எரியுதுன்னு சொல்றாங்க. டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாங்க, பதினாறு வாரம் ஆச்சு. என் மேல ஏதும் கோவமான்னு புரியல.

—

இரட்டைப்புள்ளை | ஜூன் 5, இரவு 10.12

ஆறு வாரம்ங்கிறது கேலண்டர்ல வர்ற பண்டிகை இல்ல தம்பி. அந்தத் தேதியில ஒண்ணும் தானா திறந்துடாது.

—

ஊசிக்காரம்மா | ஜூன் 5, இரவு 10.40

அவன் மரியாதையாத்தானே கேக்கான், விடு பிள்ள.

தம்பி, பால் கொடுக்குறவளுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவா இருக்கும். மாதவிடாய் நின்னவளுக்கு உள்ள வறண்டு போற மாதிரி இவளுக்கும் வறண்டுதான் இருக்கும். எரியுதுன்னா எரியத்தான் செய்யுது, அது கோவமில்ல. மருந்துக்கடையில தண்ணி கலந்த ஜெல் கிடைக்கும், அதை வாங்கு. தேங்காய் எண்ணெய் போடுவோம்னு சில பேர் சொல்லுவான். ஆணுறை போடுதவன் எண்ணெய் தொடக் கூடாது, ரப்பர் நைஞ்சு கிழிஞ்சிரும். பால் கொடுக்கும்போது கரு தரிக்காதுன்னு நம்பி அடுத்த வருஷமே ரெண்டாவது பெத்தவள்கள நான் நிறையப் பாத்தாச்சு. ஜெல்லுக்கும் சரியாகலன்னா டாக்டர் உள்ள போடுத க்ரீம் எழுதித் தருவாவ.

அது வரைக்கும் ராத்திரி பிள்ள அழுதா நீ எந்திரி. கேஸ் சிலிண்டரை நீ நகட்டு. உள்ள இருக்க கேஸ் மட்டும் 14.2 கிலோ, காலி இரும்பு அதுக்கும் மேல.

—

அப்பாவானவன் | ஜூன் 5, இரவு 10.55

சிலிண்டர் நான்தான் மாத்துறேன். ராத்திரி எந்திரிக்கிறது… சரிம்மா.

—

காரசேவ் | ஜூன் 6, காலை 9.00

எங்கம்மாகிட்ட நேத்து போன்ல கேட்டேன். சும்மா, இந்த இழையைப் படிச்சுட்டு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "ஏன்டா கேக்குற"ன்னாங்க. நான் முதல்ல எழுதினதை எடுத்துடுங்க நெறியாளரே.

—

நெறியாளர் | ஜூன் 6, காலை 9.30

எடுக்கல. பதில்களோட சேர்த்துப் படிக்கிறவங்களுக்கு அதுவும் தேவைப்படும்.

—

பொன்னி_சட்டம் | ஜூன் 6, மாலை 4.00

வாய்க்கால்கரை அம்மா எழுதினதைப் படிச்சதும் நேபாளம் ஞாபகம் வந்துச்சு. மலைக்கிராமங்கள்ல பிரசவம் ஆன சில நாள்லயே விறகும் தண்ணியும் சுமந்து, இளம் வயசுலயே கர்ப்பப்பை இறங்கின பெண்கள் அங்க ரொம்ப அதிகம். 2008-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இது இனப்பெருக்க உரிமை சம்பந்தப்பட்டது, அரசு கவனிச்சே ஆகணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. நம்ம ஊர்ல ஒருத்தி வழக்குப் போடணும்னா முதல்ல மருமகள்கிட்ட சொல்லணும்.

—

சிவகாசி_வெடி | ஜூன் 6, மாலை 6.20

அம்மா, பேசாம கர்ப்பப்பையை எடுத்துடுங்க. எங்க சித்தி எடுத்தாங்க, ஒரே வாரத்துல தொல்லை தீர்ந்துச்சு.

—

பிசியோ_அக்கா | ஜூன் 6, இரவு 8.15

இந்த ஆலோசனை நம்ம ஊர்ல தண்ணிப்பட்ட பாடு. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டுற பெண்கள் எத்தனை பேர் கர்ப்பப்பையை எடுத்துட்டு வேலைக்குப் போனாங்கன்னு 2019-ல நாடே பேசுச்சு. சில பேருக்கு அறுவை சிகிச்சை தேவைதான், இல்லன்னு சொல்லல. ஆனா தொங்கறதுக்குக் காரணம் தூளி. உள்ள இருக்கிறதை எடுத்தா தூளி சரியாயிடாது. எடுத்ததுக்கு அப்புறமும் மீதி இருக்கிற யோனிப் பாதையோட உச்சிப் பகுதி இறங்கலாம்.

வாய்க்கால்கரை அம்மா, அறுவை இல்லாம ஒரு வழி இருக்கு. சிலிகான் வளையம். அளவு பாத்து உள்ள வச்சு விடுவாங்க, இறங்கறதைத் தாங்கிப் பிடிச்சுக்கும். சில மாசத்துக்கு ஒரு தடவை போய் கழட்டிக் கழுவி, புண் இருக்கான்னு பாத்துட்டு வரணும். அது ஒத்து வராதவங்களுக்குத்தான் அடுத்தது அறுவை. எதுவா இருந்தாலும் முதல்ல காட்டணும். மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டிருக்கா? பட்டிருந்தா நாள் தள்ளவே கூடாது.

—

வாய்க்கால்கரை | ஜூன் 7, காலை 6.00

ரெண்டு மூணு தடவ துணியில பட்டுச்சுங்க. ஒரசிப் புண்ணாயிருக்கும்னு உட்டுப்போட்டேன்.

—

ஊசிக்காரம்மா | ஜூன் 7, காலை 6.20

புண்ணாத்தான் இருக்கும், ஆனா அதை டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நாளைக்கே போங்க. அரசு ஆஸ்பத்திரியில மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுன்னு இருக்கும். பிரசவக்காரிகளுக்கு மட்டும்னு நினைச்சு திரும்பி வந்துராதீங்க, உங்களுக்கும் அதே இடந்தான். சீட்டு போடுத இடத்துல "கர்ப்பப்பை இறக்கம்"னு சொன்னா போதும், விவரம் சொல்ல வேண்டாம். கூட ஒரு ஆள் வேணும். மருமவளைக் கூப்பிடுங்க.

—

மூணாம்_மாடி_சேலை | ஆகஸ்ட் 19, இரவு 11.10

இழையை மேல கொண்டு வர்றேன். பதினோரு வாரம் சேலை மடிச்சுட்டேன். கனம் போகல, பாதியாகிருக்கு. போன மாசம் டாக்டர்கிட்ட போனேன், முதல் நிலை இறக்கம், பயிற்சியைத் தொடருங்கன்னாங்க. எங்க பிரிவுல இன்னும் நாலு பேருக்கு சொல்லிக் கொடுத்தாச்சு. சூப்பர்வைசர் ஏன் எல்லாரும் ஒண்ணா வாய்க்குள்ள எண்ணுறீங்கன்னு கேட்டார். ஸ்டாக் எண்ணுறோம்னோம்.

—

தூங்காநகரத்தாள் | செப்டம்பர் 8, இரவு 10.20

எழுதியே ஆகணும்னு வந்தேன். டாக்டர் பாத்தாங்க. முன்பக்கச் சுவர், அதாவது சிறுநீர்ப்பை பக்கம், லேசான இறக்கம். வயித்துல தசை நடுவுல பிரிஞ்சு ரெண்டு விரல் போற அளவு இடைவெளி. படுத்துத் தலையைத் தூக்கினா நடுவுல கூரை மாதிரி எழும்பும், அது தொப்பைன்னு நினைச்சுட்டு இருந்தேன். பிசியோகிட்ட ஆறு தடவை போனேன். சரியாப் பிடிக்கறேன்னு நினைச்சு நான் மூச்சை அடைச்சுக்கிட்டு கீழ முக்கிட்டு இருந்திருக்கேன், நேர் எதிர். லாஷப்பல்_மாலை எழுதினது அப்பதான் உறைச்சுது.

இப்ப தும்மினா பெரும்பாலும் நனையறதில்ல. சளி பிடிச்சு விடாம இருமினா இன்னும் வருது. ஓடல, பிரசவம் ஆகி பன்னிரண்டு வாரம் ஆகறதுக்கு முன்னாடி ஓட்டம் வேண்டாம்னு பிரிட்டன் பிசியோக்கள் 2019-ல எழுதினதைக் காட்டினாங்க. நான் அந்தக் கணக்கை எப்பவோ தாண்டியாச்சு, ஆனாலும் முதல்ல வேக நடைன்னுட்டாங்க. ஆபீஸ்ல தண்ணி பாட்டில் திரும்ப மேஜைக்கு வந்துடுச்சு.

அம்மாவும் போன வாரம் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாங்க. என்னன்னு என்கிட்ட சொல்லல. நானும் இன்னும் கேக்கல.

வாய்க்கால்கரை அம்மா எங்க? யாருக்காவது தெரியுமா?

—

வாய்க்கால்கரை | செப்டம்பர் 9, காலை 7.40

இருக்கறேன் கண்ணு. மருமவதான் கூட்டிட்டுப் போனா. சொன்னதும் அழுதுட்டா அவ, எதுக்கு அழுவறான்னு எனக்கே தெரியல. ஒரசுன புண்ணுதான்னு சொன்னாங்க, தசையத் துளி எடுத்து டெஸ்டுக்கும் அனுப்புனாங்க, கெட்டது ஒண்ணுமில்ல. புண்ணு ஆற மருந்து வச்சு, ஆறுனதுக்கப்புறம் வளையம் போட்டு உட்டாங்க. மொத அளவு நிக்கல, நழுவி உழுந்துருச்சு. ரெண்டாவது நின்னுக்குச்சு. வாரப்ப பஸ்ஸுல எடமில்ல, கோபி வரைக்கும் நின்னுட்டே வந்தேன்.

—

மூணாம்_மாடி_சேலை | செப்டம்பர் 9, காலை 7.55

வலிச்சுதாம்மா?

—

வாய்க்கால்கரை | செப்டம்பர் 9, காலை 8.10

மூக்குத்தி குத்தறப்ப இதவிட வலிச்சுது.